பெட்டி வருகிறது, ஆள் வருகிறாரா?



முழுப்பரீட்சை முடியும் நேரத்தில் செய்தித்தாளுக்குள் செருகி வரும் நோட்டீஸ்களைக் கவனித்திருப்பீர்கள். முன்பெல்லாம் நீச்சல், கீபோர்டு, ஹிந்தி வகுப்பு என்று வரும். இப்போது ரோபோட்டிக்ஸ், கோடிங், ஐ.ஓ.டி. என்று வருகிறது. ‘கட்டணத்துடன் கிட் இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். எட்டாவது படிக்கும் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்போது எந்த அம்மாவால் சட்டென்று ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறது?

வாங்கிக் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பெரும்பாலும் உள்ளே இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீல போர்டு. கூடவே கொஞ்சம் ஜம்பர் ஒயர்கள், நாலைந்து எல்.இ.டி., ஒன்றிரண்டு சென்சார். அந்த போர்டின் பெயர் ஆர்டுயினோ யூனோ. அல்லது அதைப் பார்த்துச் செய்த இன்னொன்று. ஒரு முனையில் யு.எஸ்.பி. ஒயர் சொருகும் இடம், இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள், நடுவில் 28 கால்களோடு நீளமான ஒரு கறுப்பு சிப். நினைவகம் வெறும் 2 கே.பி. உங்கள் போனில் ஒரு சின்ன போட்டோவைக்கூட அதில் வைக்க முடியாது. ஆனாலும் ஒரு விளக்கை விட்டு விட்டு எரியவைக்கவும், மண் காய்ந்தால் மோட்டாரை ஓட்டவும், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கவும் அதுவே தாராளம்.

இந்த போர்டைப் பற்றிப் பல பெற்றோருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இதன் சர்க்யூட் படம், போர்டில் செப்புத் தடங்கள் எப்படி ஓடுகின்றன என்கிற ஃபைல், எந்தெந்தப் பாகம் எங்கே வரும் என்கிற பட்டியல், எல்லாமே பொதுவெளியில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், செய்து விற்கவும் செய்யலாம். ‘ஆர்டுயினோ’ என்ற பெயரையும் முத்திரையையும் மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது, அவை டிரேட்மார்க். இதைத்தான் ஓப்பன் ஹார்டுவேர் என்கிறார்கள்.

ஏன் இப்படிக் கொடுத்தார்கள்? அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வடக்கு இத்தாலியில் இவ்ரியா என்றொரு சிறிய ஊர். ஒரு காலத்தில் ஒலிவெட்டி டைப்ரைட்டரால் உலகமெங்கும் தெரிந்த ஊர். அங்கே இருந்த ஒரு டிசைன் கல்லூரியில் மாசிமோ பான்ஸி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர்களில் பலர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் இல்லை. அவர்கள் பழகுவதற்குக் கிடைத்த போர்டுகளோ விலை அதிகம். கொலம்பியாவிலிருந்து வந்து அங்கே படித்த எர்னாண்டோ பரகான் என்ற மாணவர் ‘வயரிங்’ என்ற பெயரில் ஒரு எளிய ஏற்பாட்டைத் தன் ஆய்வுக்காக உருவாக்கினார். அந்த அடித்தளத்தின்மேல் பான்ஸியும் நண்பர்களும் 2005இல் கட்டியதுதான் ஆர்டுயினோ. (பரகானின் பெயரை இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாம் விட வேண்டாம்.)

அதே சமயத்தில் அந்தக் கல்லூரியே மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. கல்லூரி போனால் உழைத்துச் செய்ததெல்லாம் என்ன ஆகும்? யாருக்கு உரிமை, யார் வழக்குப் போடுவார்கள்? அந்தக் கவலையில் அவர்கள் எடுத்த முடிவு, எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடுவது. கல்லூரி போய்விட்டது. போர்டு இருபது வருடமாக இருக்கிறது.

இதனால் நம் வீட்டுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு யூனோ மாதிரியான போர்டு கிடைக்கும். இத்தாலியிலிருந்து வரும் அசலின் விலை அதைப்போலப் பல மடங்கு. வரைபடம் திறந்திருப்பதால் இது திருட்டு நகல் ஆகாது. அசலின் பெயரைத் திருடாதவரை நியாயமான வியாபாரம்தான். மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு போர்டு கிடைப்பது இதனால்தான்.

வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நடுவில் உள்ள சிப் இரண்டு விதமாக வரும். நீளமாக, சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பது ஒன்று. சின்னச் சதுரமாக, போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்திருப்பது இன்னொன்று. பிள்ளைகள் கண்டிப்பாக ஒருநாள் ஒயரை மாற்றிக் கொடுத்து சிப்பைக் கருக்கிவிடுவார்கள். கருக்காமல் யாரும் கற்றுக்கொள்வதில்லை. சாக்கெட்டில் இருப்பது என்றால் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு, கால் வளையாமல் வேறொன்றை அழுத்தி உட்காரவைக்கலாம். புதுச் சிப்பில் முதலில் ஏற்ற வேண்டிய பூட்லோடர் என்கிற சின்ன நிரலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் யூனோவை வைத்தே ஏற்றிவிடலாம். சால்டர் செய்ததென்றால் பெரும்பாலும் போர்டையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

இன்னொன்று. போர்டைச் சொருகியதும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் உடனே ‘கெட்டுப்போச்சு’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். விலை குறைந்த போர்டுகளில் யு.எஸ்.பி.க்கு வேறொரு சிப் போட்டிருப்பார்கள். பழைய விண்டோஸில் அதற்கு ஒரு டிரைவர் நிறுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இதற்கென்று புதுக் கம்ப்யூட்டரும் வேண்டாம். அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது என்றால், அதிலேயே பழகலாம்.

நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் எந்தக் கம்பெனி சைக்கிளையும் பிரித்து மாட்டுவார் இல்லையா? போர்டின் டிசைன் திறந்திருக்கும்போது கிடைப்பது அந்தச் சுதந்திரம். விற்ற கம்பெனி கடையைக் கட்டிவிட்டாலும் பொருள் அநாதையாகாது. 2025 அக்டோபரில் குவால்காம் என்கிற பெரிய சிப் கம்பெனி ஆர்டுயினோவை வாங்கப்போவதாக அறிவித்தது. இனி வரும் போர்டுகள் எப்படியிருக்கும் என்று பலருக்கும் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் யூனோவின் வரைபடம் ஏற்கெனவே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை யாரும் திரும்ப வாங்கிப் பூட்டிவைக்க முடியாது.

சரி, டிசைன் திறந்திருந்தால் போதுமா?

போதாது. இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். போர்டை வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குகிறோமா?

‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ என்ற திட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் அறிவித்தது. 100 டாலருக்கு ஒரு லேப்டாப், ஏழை நாட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும். 2007 கடைசியில் தயாரிப்பு தொடங்கியபோது விலை 200 டாலரை நெருங்கிவிட்டது என்றாலும், பொருள் அருமையான பொருள். பச்சையும் வெள்ளையுமாக, முயல் காது மாதிரி இரண்டு ஆன்டெனாக்களோடு, தூக்கிப் போகக் கைப்பிடியோடு இருக்கும். கீபோர்டு முழுக்க ஒரே ரப்பர் விரிப்பு, தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது. வெட்டவெளியில் வெயிலில் வைத்தும் திரையைப் படிக்கலாம்.

அதில் இரண்டு விஷயங்களை நான் எப்போதும் வியப்பேன். ஒன்று, ஸ்க்ரூ தொலைந்தால் குழந்தை எங்கே போகும் என்று யோசித்து, உபரி ஸ்க்ரூக்களைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து காட்டுவதற்கென்றே கீபோர்டில் வழி வைத்திருந்தார்கள். ‘சுகர்’ என்ற அதன் மென்பொருள் முழுக்க ஓப்பன் சோர்ஸ். குழந்தையை இவ்வளவு மதித்துச் செய்த கம்ப்யூட்டர்கள் குறைவு.

பிறகு என்ன ஆயிற்று? 2008இல், அந்த மென்பொருள் பணிக்குத் தலைமை தாங்கிய வால்டர் பெண்டர் விலகிப் போய் ‘சுகர் லேப்ஸ்’ என்று தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2009 ஜனவரியில், உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த நேரம், திட்டத்தை நடத்திய அமைப்பு தன் ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிச்சமிருந்த 32 பேருக்கும் சம்பளம் குறைந்தது. லேப்டாப்புகளோ தொடர்ந்து கப்பலேறிக்கொண்டிருந்தன. உள்ளே ஓடும் மென்பொருளைச் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் மட்டும் சுருங்கிப்போனார்கள்.

பெரு நாடு இந்த லேப்டாப்புகளை 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. மலைக் கிராமங்கள்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே 319 தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. குழந்தைகள் கம்ப்யூட்டரைத் தொட்டது கூடியது, பொதுவான அறிவுத்திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மாற்றமே இல்லை. இணையம் அநேகமாக இல்லை. ஆசிரியர்களுக்கு அரைகுறைப் பயிற்சி. பழுதானால் யாரிடம் போவது என்று கேட்க ஆள் தேடும் நிலை.

அதே லேப்டாப்பை உருகுவேயும் வாங்கியது. சென்னையைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு அது. 2007இல் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தொடங்கி, 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லார் கைக்கும் கொடுத்துவிட்டார்கள். அங்கே என்ன வித்தியாசம்? பொறுப்பைத் தங்கள் நாட்டுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தார்கள். அது உள்ளூர் எஞ்சினியர்களை வைத்துக்கொண்டது. பள்ளிகளுக்கு இணையம் இழுத்தார்கள், பழுது பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பல்கலைக்கழக மாணவர்களும் தன்னார்வலர்களும் ஊர் ஊராகப் போய் உதவினார்கள். இதற்காகவே ‘சேய்பால்’ என்ற அமைப்பு வளர்ந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். உருகுவேயிலும் கணக்கு மார்க்கும் வாசிப்பு மார்க்கும் அந்த லேப்டாப்பால் ஏறிவிடவில்லை. அங்கேயும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்ததும் பிள்ளை கணக்கில் நூறு வாங்கிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் அந்த லேப்டாப்புகள் பழசாகி ஓரம் போன பிறகும் சேய்பால் இருக்கிறது. அதே இணைய வசதியை வைத்து, ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்குத் திரை வழியாகப் பாடம் நடத்தினார்கள். பிறகு மைக்ரோபிட் என்ற சின்ன போர்டுகள் வந்தபோது அவற்றையும் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். கருவி மாறியது. அதைத் தெரிந்தவர்கள் வேலையில் இருந்ததால் திட்டம் நிற்கவில்லை.

இரண்டு நாடுகளும் வாங்கியது ஒரே கம்பெனியின் ஒரே பொருள். பெருவின் பிள்ளைகளுக்குக் குறைந்தது லேப்டாப் இல்லை என்பதுதான் என் மனதில் நிற்கிறது.

மைக்ரோபிட் என்றேனே, அதையும் கொஞ்சம் பார்க்கலாம். பிரிட்டனின் பி.பி.சி. 2016இல் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு, சுமார் 10 லட்சம் பேருக்கு, இலவசமாகக் கொடுத்த போர்டு. முகப்பில் ஐந்துக்கு ஐந்தாக 25 சின்ன விளக்குகள், இரண்டு பொத்தான்கள். சாய்த்தால், குலுக்கினால் தெரிந்துகொள்ளும். கொடுத்து முடித்ததும் வேலை முடிந்தது என்று அவர்கள் கையைக் கழுவவில்லை. இதற்காகவே லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளை அமைத்து, அதில் ஆட்களை வேலைக்கு வைத்தார்கள். மற்றவர்கள் பார்த்துச் செய்வதற்கு மாதிரி வரைபடத்தை வெளியிட்டார்கள். 2020இல் ஒலிபெருக்கியும் மைக்கும் சேர்த்து அடுத்த பதிப்பு வந்தது.

அந்த போர்டில் பிள்ளைகள் பைதான் என்கிற நிரல்மொழியில் எழுதுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? டேமியன் ஜார்ஜ் என்ற இயற்பியல்காரர், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, இத்தனூண்டு சிப்பில் பைதானை ஓடவைக்க முடியும் என்று 2013இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார். கேட்டது 15 ஆயிரம் பவுண்டு. வந்தது ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் அவரால் உட்கார்ந்து வேலை பார்க்க முடிந்தது. அவர் எழுதிய மைக்ரோபைதான் இன்று மைக்ரோபிட்டில் ஓடுகிறது, ராஸ்பெர்ரி பை பிகோவில் ஓடுகிறது, ரிச்சி தெருவில் விற்கும் இன்னும் பல போர்டுகளிலும் ஓடுகிறது. ஒரு மனிதருக்கு நிம்மதியாக வேலை செய்யும் அளவுக்குப் பணம் கிடைத்ததால், எத்தனையோ போர்டுகளுக்குப் பயன். திறந்த திட்டங்களில் கொடுக்கும் சம்பளம் இப்படித்தான் பெருகுகிறது. பூட்டிய திட்டத்தில் அந்த வேலை ஒரு கம்பெனியின் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளின் முழு வரைபடமும் ஆர்டுயினோ போலத் திறந்தது கிடையாது. ஆனாலும் 2012இல் வந்த முதல் போர்டுக்குப் பத்து வருடம் கழித்தும் புது இயங்குதளம் கிடைத்தது. காரணம், அதைப் பார்த்துக்கொள்ள எஞ்சினியர்களுக்கு அந்த நிறுவனம் தொடர்ந்து சம்பளம் கொடுத்தது. திறந்த வரைபடம், சம்பளம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆள், எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், ஆளைக் கேட்பேன்.

இந்த இடத்தில் அப்பாக்கள் கேட்கும் கேள்வி ஒன்று எனக்குக் காதில் விழுகிறது. “இதெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா சார்?”

பள்ளிப் பிள்ளைகளுக்கான போர்டு செய்யும் நிறுவனங்கள் சிறியவை. அங்கே வேலைகள் கொஞ்சம்தான். ஆனால் அந்தச் சின்ன போர்டில் பழகிய கை வேறெங்கும் வீணாகாது. ஓசூரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறார்கள். அதன் பேட்டரியைப் பார்த்துக்கொள்வதும் இதே வகைச் சிப்புதான். வாஷிங் மெஷின், மின் மீட்டர், ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்தை அளந்து விடும் பம்ப், எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் எழுதிய ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஓடும் நிரல், ஓடுகிறது. அதை எழுதத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? கல்லூரி சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, அடுத்து கேட்பது ‘நீ செய்ததைக் காட்டு’ என்பதுதான். நம் பிள்ளைகள் திணறுவது இங்கேதான். பிராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சமர்ப்பித்த பிள்ளை என்ன காட்டும்? ஒரு திறந்த திட்டத்தில் சேர்ந்து, ஒரு பிழையைக் கண்டுபிடித்து, ‘இந்த இடத்தில் இந்த ரெசிஸ்டரின் மதிப்பு தவறு, இப்படி மாற்றலாம்’ என்று எழுதி, அதை அந்தத் திட்டத்தினர் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அது தேதியோடும் பெயரோடும் எல்லாரும் பார்க்கும்படி நிற்கும். எந்த ஊர்க் கல்லூரி, எந்த மீடியம் என்றெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. சிறிய ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அந்த லேப்டாப் திட்டத்தின் சுகர் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளக்காரர்கள் போன பிறகும் அது சாகவில்லை. ‘கூகுள் சம்மர் ஆஃப் கோட்’ என்று ஒரு ஏற்பாடு 2005இலிருந்து நடக்கிறது. இளைஞர்கள் சில மாதங்கள் ஒரு திறந்த மென்பொருளில் வேலை பார்ப்பார்கள், கூகுள் உதவித்தொகை கொடுக்கும். சுகர் லேப்ஸ் அதில் பல வருடங்களாகப் பங்கெடுக்கிறது. அப்படி வந்து வேலை பார்த்தவர்களில் இந்திய மாணவர்கள் பலர். நம் வீட்டில் பி.இ. இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளையிடம் இதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

ஆனால் உதவித்தொகை சில மாதங்களுக்குத்தான். அது முடிந்த பிறகும் அந்தப் பிள்ளை இலவசமாகவே உழைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ‘ஓப்பன் சோர்ஸ்தானே, யாராவது செய்வார்கள்’ என்கிற பேச்சை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அந்த ‘யாராவது’ வீட்டிலும் வாடகை, கரண்ட் பில், தங்கையின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் உண்டு. டிசைன் இலவசமாகக் கிடைக்கலாம். உழைப்பை இலவசமாகக் கேட்கக் கூடாது.

இனி நம் பள்ளிகளுக்கு வருகிறேன்.

மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான ஆய்வகம். நாடு முழுக்க 10 ஆயிரம் பள்ளிகளுக்குக் கிடைத்திருக்கிறது. இன்னும் 50 ஆயிரம் ஆய்வகங்கள் வரும் என்று 2025 பட்ஜெட்டில் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய். ஆய்வகம் அமைக்க 10 லட்சம், 5 வருடம் நடத்த 10 லட்சம்.

நடத்துவதற்கான அந்த 10 லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 2 லட்சம். மாதத்துக்கு 16,666 ரூபாய். ஒயர், சென்சார், பேட்டரி வாங்குவதும் இதிலிருந்துதான், ஆள் வைப்பதும் இதிலிருந்துதான். இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல எஞ்சினியர் வந்து நிற்பாரா? வராததால், இயற்பியல் ஆசிரியர் தலையில் கூடுதல் சுமையாக விழுகிறது. அவர் மாறுதலாகிப் போனால் அலமாரிச் சாவியும் அவரோடு போன மாதிரிதான்.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. ஒரு வட்டாரத்தில் இப்படிப்பட்ட பத்துப் பள்ளிகள் இருந்தால், அந்தப் பணத்தில் பாதியை ஒன்றாகச் சேர்த்தால் என்ன? மாதம் 83 ஆயிரம் ரூபாய் வரும். போர்டைத் தெரிந்த ஒருவர், மென்பொருள் தெரிந்த ஒருவர் என்று உள்ளூர் இளைஞர்கள் இரண்டு பேருக்கு மரியாதையான சம்பளம் கொடுக்கலாம். பள்ளிக்கு மாதம் இரண்டு மூன்று நாள் வருவார்கள். கெட்டுப்போனதைச் சரிசெய்வார்கள், பாடத்துக்கு ஏற்ற சின்னச் சின்ன நிரல்களைத் தமிழ் விளக்கத்தோடு எழுதுவார்கள், ஆசிரியருக்குக் கைகொடுப்பார்கள். போர்டு ஓப்பன் டிசைனாக இருந்தால், பத்துப் பள்ளிக்குத் தேவையானபடி அவர்களே ஒரு மாற்றம் செய்து கோவையிலோ சென்னையிலோ அச்சடித்துக்கொள்ளலாம். இதற்கு விதிகள் இடம் கொடுக்கவில்லை என்றால், விதியை மாற்றச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லையே?

பக்கத்து மாநிலத்தில் இந்த மாதிரி யோசித்திருக்கிறார்கள். கேரளத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்க அரசே 2017இல் ‘கைட்’ என்ற நிறுவனத்தை அமைத்தது. அதற்கு முன்னோடியான ஏற்பாடு 2001இலிருந்தே இயங்கியது. பள்ளிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். அதைப் பள்ளிக்கு ஏற்றபடி தயார் செய்ய அவர்களிடமே ஆட்கள். ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சியாளர்களாக்கி வைத்திருக்கிறார்கள். ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பிள்ளைகளின் குழுக்களும் பல பள்ளிகளில் உண்டு. 2022இல் ஆர்டுயினோ கிட்டுகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ரோபோட்டிக்ஸைப் பாடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். முதல் கிட்டை வாங்குவதற்குப் பல வருடம் முன்பே ஆட்களைச் சேர்த்துவைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

நம்மால் என்ன செய்ய முடியும்? உங்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். தலைவராகவே இருக்கும் அம்மாக்களும் உண்டு. அடுத்த கூட்டத்தில், ‘லேப் இருக்கிறதா’ என்று கேட்பதோடு நிற்காதீர்கள். லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போன மாதம் எத்தனை நாள் திறந்தார்கள் என்று கேளுங்கள். புதிதாகக் கிட் வாங்கப்போகிறார்கள் என்றால், அதன் சர்க்யூட் படம் வெளியில் கிடைக்குமா, ஒரு பாகம் போனால் ரிச்சி தெருவிலோ கோவை காந்திபுரத்திலோ வாங்க முடியுமா, விற்கிற கம்பெனி இரண்டு வருடம் கழித்து இல்லாமல்போனால் நம் பிள்ளைகள் எழுதிய நிரல்கள் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த கிட்டுக்கு மென்பொருள் எழுதி மேம்படுத்தும் டெவலப்பர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதிக்குப் பதில் தெரியாது என்றால், தெரிந்தவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

தனியார் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் ஃபீஸ் என்று தனியாக வாங்குகிறார்களா? அதில் கருவிக்கு எவ்வளவு, கற்றுக்கொடுப்பவருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லலாம். கற்றுக்கொடுக்க வருபவருக்கே மாதாமாதம் சரியாகச் சம்பளம் போகவில்லை என்றால், அவர் அடுத்த வருடம் வரமாட்டார். உங்கள் பிள்ளை மறுபடி முதலிலிருந்து விளக்கை எரியவைக்கும்.

முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பணம் திரட்டும்போது, பத்து லேப்டாப் வாங்கிக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வதற்குப் பதில், இரண்டு லேப்டாப்பும் ஒருவருக்கு ஒரு வருடச் சம்பளமுமாகக் கொடுத்துப் பாருங்கள். அதே பள்ளியில் படித்து, டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து, வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஊரிலேயே இருக்கும். அந்தப் பிள்ளைக்கு முதல் வேலையாகவும் இருக்கும்.

உங்கள் பள்ளியில் இப்படி ஒருவர் இருக்கிறாரா? பூட்டிக் கிடந்த ஆய்வகத்தைத் திறந்து ஓட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியரோ இளைஞரோ உங்களுக்குத் தெரியுமா? அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, எந்தச் செலவை எப்படிச் சமாளிக்கிறார் என்ற விவரத்தோடு எனக்கு எழுதுங்கள். அவருடைய அனுமதியோடு வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். அடுத்த பள்ளியின் மேலாண்மைக் குழு அதைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம்.

அன்புடன்,
ஆசிரியர்